நார் ஆராய்ச்சியில் தலைமை வரை: மதுரைப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜவுளிப் படிப்பு என்றதும் மூன்று ஷிப்ட், மில் சங்கு, தலைமுடியில் ஒட்டிய பஞ்சு என்று நினைக்கிற வீடுகள் மதுரைப் பக்கம் இன்னும் உண்டு. ஹார்வி மில் காலத்து நினைப்பு அது. அதே பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நார் எவ்வளவு இழுவை தாங்கும், சாயம் ஏன் ஒட்டாமல் போகிறது, காயத்துக்குக் கட்டுகிற துணி எத்தனை நொடியில் நீரை உறிஞ்ச வேண்டும் என்று ஆராய்ந்து, அதற்காக ஒரு குழுவையே நடத்துகிற வேலையும் இருக்கிறது. அந்த வேலைக்குப் போகிற வழியைத்தான் இங்கே சொல்கிறோம். அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது. பி.டெக்., எம்.டெக்., பிஎச்டி மூன்றையும் கூட்டினாலே பத்து வருடம் ஓடிவிடும். பிரிவுத் தலைவர் பொறுப்பு அதற்கப்புறமும் பல வருடம் தள்ளித்தான் வரும்.

கைக்கெட்டும் தூரத்தில் என்னென்ன இருக்கிறது

மதுரையிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டருக்குள் பருத்தி விதையிலிருந்து கட்டுத்துணி வரை எல்லாக் கட்டத்தையும் பார்த்துவிடலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எஸ்.வி.பி.ஆர். என்று தொடங்கும் ரகங்கள் அங்கே பிறந்தவை. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் கருங்கண்ணி என்னும் நாட்டுப் பருத்தி விளைந்தது. கப்பலூரிலும் ராஜபாளையத்திலும் நூற்பாலைகள், ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி, அருப்புக்கோட்டையிலும் சின்னாளபட்டியிலும் தறிகள். ஊருக்குள்ளேயே 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற சுங்குடி. சோழவந்தான், தேனிப் பக்கம் வாழைத்தார் வெட்டியபின் மிஞ்சுகிற மட்டை. இப்போது விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காவும் வருகிறது.

பெரிய ஆய்வகங்கள் மட்டும் வெளியூரில் இருக்கின்றன. 1956-இல் தொடங்கிய சிட்ரா (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம்) கோயம்புத்தூரில். மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையமும் அங்கேதான். 1924-இல் பருத்திச் சோதனைக்கென்றே பம்பாய் மாட்டுங்காவில் தொடங்கிய ஆய்வகம்தான் இன்றைய சிர்காட். அகமதாபாத்தின் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான அட்டிரா 1947-இல் விக்ரம் சாராபாய் முன்னின்று தொடங்கியது. வாழைக்குத் திருச்சியில் தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆக, சரக்கு இங்கே இருக்கிறது, கருவி அங்கே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே அலைய அலுப்புப்படாதவர்களுக்கு மதுரையில் பிறந்தது அனுகூலம்தான்.

எந்தப் படிப்பு

நேர்வழி பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்து, கவுன்சலிங்கில் பி.டெக். டெக்ஸ்டைல் டெக்னாலஜி சேர்வது. கிண்டியில் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி (காரைக்குடி அழகப்பச் செட்டியார் பெயரில் உள்ளதுதான்), கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி., குமரகுரு என்று சில கல்லூரிகள். கைத்தறியில் மனம் இருந்தால் சேலத்துக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம். டிப்ளமோ முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மில்லில் கைபழகிவிட்டு இந்த வழியில் வருகிறவர்கள் பின்னாளில் பேப்பரில் மட்டும் படித்தவர்களைச் சுலபமாகத் தாண்டிப் போகிறார்கள்.

இன்னொரு வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மதுரைக் கல்லூரிகளில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. வேதியியலோ இயற்பியலோ படித்தவர்களும் நார் அறிவியலுக்கு வரலாம். நார் என்பது பாலிமர்தான். சாயம், துணிப்பூச்சு, செயற்கை நார் ஆகிய மூன்றிலும் வேதியியல்காரருக்கு மவுசு அதிகம். சில ஐஐடி எம்.டெக். படிப்புகள் இவர்களையும் சேர்த்துக்கொள்கின்றன. எந்தப் பாடத்தில் கேட் (பொறியியல் மேற்படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வு) எழுதியிருக்க வேண்டும் என்பது வருடத்துக்கு வருடம் மாறக்கூடும். அந்த வருட அறிவிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேட் தேர்வில் ஜவுளிக்கென்று தனித்தாள் உண்டு. அதன் குறியீடு டி.எஃப். மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 15 பொதுத்திறனுக்கு. கணக்கை ஒதுக்கிவிட்டு நூற்பும் நெசவும் மட்டும் படித்துப் போகிறவர்கள் அங்கேதான் சறுக்குகிறார்கள். எண்ணை நிரப்பும் கேள்விகளுக்கு மைனஸ் மதிப்பெண் கிடையாது. ஆனால் ஜவுளித் தாளில் அப்படிப்பட்ட கேள்விகளில் அலகு மாற்றம்தான் ஆளைக் கவிழ்க்கும். 590.5-ஐக் கவுண்ட்டால் (நூலின் நம்பர்; அது கூடக்கூட நூல் மெலிசு) வகுத்தால் டெக்ஸ், அதாவது ஆயிரம் மீட்டர் எத்தனை கிராம் என்பது. 40-ஆம் நம்பர் நூல் 14.76 டெக்ஸ். இது விரல்நுனியில் இருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கப் பயன்படும். மதிப்பெண் மூன்று வருடத்துக்குச் செல்லும் என்பதால் கடைசி வருடத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

மில்லுக்குள் ஆறு மாதம்

பட்டம் முடிந்ததும் நேரே மேற்படிப்புக்கு ஓடாமல், ஆறு மாதமாவது ஏதாவது ஒரு நூற்பாலையில் நிற்பது நல்லது. இதைக் கட்டாயம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆனால் இதைச் செய்யாத விஞ்ஞானியை ஸ்பின்னிங் மாஸ்டர் அரை மணி நேரத்தில் எடைபோட்டுவிடுவார்.

பார்க்க வேண்டியவை இவை. மிக்ஸிங்கில் பேல்களை (பஞ்சுப் பொதிகளை) எப்படி அடுக்குகிறார்கள், ஒரு பேல் தீர்ந்து இன்னொன்று ஏறும்போது நூலில் என்ன மாறுகிறது. பஞ்சைச் சீவிப் பிரிக்கும் கார்டிங்கில் நெப்ஸ் (நார்ச் சிக்கல்கள்) எங்கே குறைகிறது, கம்பி மழுங்கினால் எப்படிக் கூடுகிறது. நூலை முறுக்கிச் சுற்றும் ரிங் ஃபிரேமில் நூல் அறுந்தால் கூடத்தின் எந்த ஓரத்தில் அதிகம் அறுகிறது. அந்த ஓரம் பெரும்பாலும் காற்றுக் குழாய்க்கோ கதவுக்கோ பக்கத்தில் இருக்கும், ஏனென்றால் ஈரப்பதம் அங்கே தடுமாறும். சித்திரை, வைகாசியில் மதுரைக் காற்று வறண்டுபோனால் கூடத்தில் பஞ்சு பறப்பதும் ரோலரில் சுற்றுவதும் கூடும். நூலின் ஈரம் பற்றிய ஒரு முழு அத்தியாயத்தை அந்த இரண்டு மாதம் கற்றுக்கொடுத்துவிடும்.

மில்லின் கியூசி (தரச் சோதனை) அறையில் வேலை கிடைத்தால் இன்னும் மேல். ராப் ரீலில் 120 கெஜம் சுற்றி எடைபோட்டுக் கவுண்ட் பார்ப்பது, அந்தச் சிட்டம் (லீ) அறுகிற வலிமையைப் பவுண்டில் எடுத்துக் கவுண்ட்டால் பெருக்கி சிஎஸ்பி என்னும் வலிமை எண்ணைச் சொல்வது எல்லாம் பழைய முறை. இன்றைக்கும் சரக்கு வாங்குகிறவர் கேட்பது அந்த எண்ணைத்தான்.

சோதனை அறை: இங்கேதான் ஆள் உருவாகிறார்

இரும்புக் கம்பியை ஆராய்கிறவருக்கும் நாரை ஆராய்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் ஏற்றத்தாழ்வுதான். ஒரே செடியின் ஒரே காயில் இரண்டு நார் ஒன்றுபோல இருப்பதில்லை. சராசரியை மட்டும் சொல்கிற முடிவை நம்பாமல், அதன் சிவி (சராசரியின் சதவீதமாகச் சொல்லும் ஏற்றத்தாழ்வு) எவ்வளவு என்று கேட்கிற பழக்கம் வந்தால்தான் இந்தத் துறையில் காலூன்ற முடியும். தலைமைக்கு வந்தபின் மற்றவர் கொண்டுவரும் முடிவை எடைபோடப் போவதும் இதே பழக்கத்தால்தான். வாழைநாரை எடுத்துக்கொண்டு ஒரு சோதனையை முழுக்கப் பார்ப்போம்.

முதலில் ஈரம். இந்தியச் சோதனைக் கூடங்களில் 27 டிகிரி வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் வைப்பது வழக்கம். ஐஎஸ்ஓ முறையில் 20 டிகிரி. எதில் செய்தோம் என்று அறிக்கையில் எழுத வேண்டும். நாரை ஈரமாக இருக்கும்போதே அறைக்குள் வைத்து விட்டுவிடக் கூடாது. முதலில் 10 முதல் 25 சதவீத ஈரப்பதத்தில், 50 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்தி, பிறகு சோதனை அறைக்குக் கொண்டுவர வேண்டும். காரணம், உலர்ந்த பக்கத்திலிருந்து வரும் நாரும் ஈரத்திலிருந்து வரும் நாரும் ஒரே அறையில் வெவ்வேறு ஈரத்தில் நின்றுவிடும். இரண்டு மணி நேர இடைவெளியில் எடைபோட்டு, மாற்றம் 0.25 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே சோதனை. பருத்தி ஈரத்தில் வலுக்கும், விஸ்கோஸ் ஈரத்தில் நலியும். இதைக் கவனிக்காமல் இரண்டையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதியவர்கள் உண்டு.

அடுத்து தடிமன். 100 நாரை எடுத்து, ஒவ்வொன்றிலும் சரியாக 50 மில்லிமீட்டர் வெட்டினால் மொத்த நீளம் 5 மீட்டர். எடை 80 மில்லிகிராம் வந்தால் மீட்டருக்கு 16 மில்லிகிராம், அதாவது 16 டெக்ஸ். வெட்டும்போது நார் தளர்ந்திருந்தால் நீளம் கூடிப்போய், டெக்ஸ் தப்பாக ஏறும். மட்டையின் வெளி அடுக்கு, நடு அடுக்கு, உள் அடுக்கு மூன்றையும் கலந்துவிட்டால் பின்னால் எதையும் பிரித்துச் சொல்ல முடியாது. பை பையாகப் பிரித்து, ரகம், அடுக்கு, வெட்டிய தேதி மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். ரஸ்தாளியும் நேந்திரனும் ஒரே பையில் கலந்த சாம்பிளால் யாருக்கும் பயனில்லை.

பிறகு இழுவை. ஒற்றை நாரைக் காகிதச் சட்டத்தின் நடுவே நேராக ஒட்டி, சட்டத்தைக் கிளாம்பில் பிடித்தபின் இரு பக்கக் காகிதத்தையும் கத்தரிக்க வேண்டும். நாரைக் கையால் கிளாம்பில் செருகினால் முறுக்கும், வழுக்கும். இங்கே அதிகம் நடக்கிற தவறு லோடு செல், அதாவது விசையை அளக்கும் உறுப்பு. 16 டெக்ஸ் நார், டெக்ஸுக்கு 30 கிராம் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், அறுகிற விசை 480 கிராம், அதாவது ஐந்து நியூட்டனுக்கும் குறைவு. கல்லூரி ஆய்வகத்து இயந்திரத்தில் 5 கிலோநியூட்டன் லோடு செல் மாட்டியிருப்பார்கள். அதன் வீச்சில் நம் நார் ஆயிரத்தில் ஒரு பங்குதான். வருகிற எண்ணில் பாதி இயந்திரத்தின் நடுக்கமாக இருக்கும். 10 நியூட்டன் செல் இல்லாத இடத்தில் ஒற்றை நார் சோதனையே வேண்டாம்.

கிளாம்பின் விளிம்பிலேயே அறுந்த நாரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஆனால் எத்தனை அறுந்தது என்பதைக் குறித்துவைக்க வேண்டும். அந்த எண்ணிக்கை அதிகமானால் கிளாம்பின் அழுத்தம் சரியில்லை. பிடிநீளத்தையும் (இரு கிளாம்புக்கு நடுவே நிற்கும் நாரின் நீளம்) எழுத வேண்டும். 10 மில்லிமீட்டரில் எடுத்த வலிமை 50 மில்லிமீட்டரில் எடுத்ததைவிடக் கூடுதலாகவே வரும். நீளம் கூடக்கூடப் பலவீனமான ஒரு இடம் உள்ளே மாட்டுகிற வாய்ப்பும் கூடும். இதை 1926-இலேயே பியர்ஸ் என்னும் ஜவுளி விஞ்ஞானி கணக்காக நிறுவிவிட்டார். இன்றைக்கும் பிடிநீளத்தைச் சொல்லாமல் எங்கள் நார்தான் வலுவானது என்று எழுதுகிறார்கள்.

எத்தனை நாரை இழுப்பது? 1.96-ஐச் சிவியால் பெருக்கி, நாம் பொறுத்துக்கொள்கிற பிழைச் சதவீதத்தால் வகுத்து, வந்ததை வர்க்கமாக்க வேண்டும். ஆலை நூல் போலச் சிவி 10 சதவீதம், பிழை 5 சதவீதம் என்றால் 16 சோதனை போதும். வாழைநாரில் சிவி 30 சதவீதம் வந்தால் அதே பிழைக்கு 139 தேவை. பத்து நாரை இழுத்துவிட்டுப் பதனிடுவதால் வலிமை எட்டு சதவீதம் கூடியது என்று எழுதினால், படித்தவர்கள் அடுத்த வரிக்குப் போகமாட்டார்கள்.

நூலுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. மைக்ரோனேர் (பருத்தி நாரின் மெலிவைக் காட்டும் எண்) 4 உள்ள பருத்தி நார் ஏறக்குறைய 0.157 டெக்ஸ். 40-ஆம் நம்பர் நூலின் 14.76 டெக்ஸை அதால் வகுத்தால் குறுக்குவெட்டில் 94 நார். பருத்தி நூலுக்கான மாறிலி 106. அதை 94-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 10.9. நார்கள் தாறுமாறாக, ஆனால் குறையில்லாமல் அடுக்கப்பட்டாலும் அந்த நூலின் தடிமன் சிவி இதற்குக் கீழே வராது. மாணவர் 9.5 சதவீதம் என்று கொண்டுவந்தால் பாராட்டாமல் கருவியைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். 13.5 என்றால் நம்பலாம், எங்கே குறைக்கலாம் என்று பேச்சைத் தொடங்கலாம்.

இதே வகுத்தலை வாழைநாருக்குப் போட்டுப் பாருங்கள். 16 டெக்ஸ் நாரை வைத்து 20-ஆம் நம்பர் நூல், அதாவது 29.5 டெக்ஸ், நூற்க நினைத்தால் குறுக்குவெட்டில் இரண்டு நார்கூட இருக்காது. ரிங் நூல் நிற்கக் குறைந்தது ஐம்பது நார் வேண்டும். காஸ்டிக்கிலோ என்சைமிலோ பசையைக் கரைத்து நாரைப் பிரிக்காமல் பருத்தி இயந்திரத்தில் வாழைநார் நூல் வராது. பிரித்தால் நார் குட்டையாகிவிடும். வாழைநாரைப் பட்டுப்போல ஆக்குகிறோம் என்று தொடங்கி நடுவழியில் நின்ற திட்டங்களில் பல, இந்த ஒரு வகுத்தலைப் போடாமல் தொடங்கியவை. கயிறு, பாய், காகிதம், கலப்புப் பொருள் என்று தடித்த நாருக்குத் தகுந்த வேலையைத் தேடுவதே புத்திசாலித்தனம்.

பிஎச்டியும் முதல் வேலையும்

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதுதான் பிஎச்டியில் பாதி. அவருடைய கட்டுரை எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட, அவரிடம் முடித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று கேட்பது உபயோகம். எலக்ட்ரான் நுண்ணோக்கி, எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலைக் கருவி) போன்றவை சொந்த ஆய்வகத்தில் இருக்கிறதா, வெளியே அனுப்பினால் காசு யார் கட்டுவது என்றும் கேட்க வேண்டும். இதை அவர் இல்லாத நேரத்தில் அவருடைய மாணவர்களிடம் டீக்கடையில் கேட்டால் சரியான பதில் கிடைக்கும். மத்திய அரசு நிதியில் நடக்கிற திட்டங்களில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை 2023 முதல் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. பெயருக்குச் சேர்த்துக்கொண்டு உதவித்தொகை இல்லாமல் ஐந்து வருடம் ஓட்டச் சொல்கிற இடத்தை ஒதுக்கிவிடலாம்.

வேலை கிடைக்கிற இடங்கள் ஐந்து விதம். சிட்ரா, அட்டிரா போன்ற ஆலைச் சங்க ஆராய்ச்சி நிறுவனங்கள், மில்லோடு தினமும் பேச்சுவார்த்தை வேண்டும் என்பவர்களுக்கு. சிர்காட் போன்ற ஐசிஏஆர் (இந்திய வேளாண் ஆராய்ச்சி மன்றம்) நிறுவனங்களுக்கு விஞ்ஞானியாகப் போக தனித் தேர்வு உண்டு. அங்கே விஞ்ஞானி, முதுநிலை விஞ்ஞானி, முதன்மை விஞ்ஞானி, பிரிவுத் தலைவர், இயக்குநர் என்று படி ஏறும். பட்டுக்கென்று மத்தியப் பட்டு வாரியம். தனியார் ஃபைபர், தொழில்நுட்ப ஜவுளி நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பிரிவுகளில் சம்பளம் கூடும், ஆனால் கண்டுபிடித்ததை வெளியே எழுத விடமாட்டார்கள். கல்லூரி ஆசிரியப் பணியில் பாட நேரம் போக மிஞ்சுகிற நேரம்தான் ஆராய்ச்சிக்கு. எதுவானாலும் முதல் ஐந்து வருடத்தில் ஒரு சோதனை முறையையாவது முழுக்கத் தன் கைக்குள் கொண்டுவர வேண்டும். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்குச் சான்று தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரமுள்ள ஆய்வகத்தில் இருந்தால் ஐஎஸ்ஓ 17025 தர ஆவணங்களை எழுதுகிற வேலையை வலியப் போய் வாங்கிக்கொள்வது நல்லது. சலிப்பான வேலைதான். ஆனால் ஒரு ஆய்வகம் எந்தெந்த இடத்தில் பொய் சொல்லும் என்பது அதில்தான் தெரியவரும்.

பிரச்சினையைத் தேர்ந்தெடுப்பது

குழுவை நடத்துகிறவரின் முதல் வேலை, எதை ஆராய வேண்டாம் என்று சொல்வது. நல்ல பிரச்சினைக்கு மூன்று அடையாளம்: யாராவது இப்போது அதனால் நஷ்டப்படுகிறார்கள், அளக்க ஒரு முறை இருக்கிறது, மூன்று வருடத்துக்குள் ஏதாவது ஒரு பதில் வரும்.

சுங்குடியை எடுத்துக்கொள்ளலாம். புடவை முதல் அலசலில் சாயம் விடுகிறது என்பது பழைய புகார். அளக்க முறை இருக்கிறது. கிராக்மீட்டரில் வெள்ளைத் துணியை 9 நியூட்டன் அழுத்தத்தில் பத்துத் தடவை தேய்த்து, ஒட்டிய கறையைச் சாம்பல் அளவுகோலில் 1 முதல் 5 வரை மதிப்பிட வேண்டும். உலர் தேய்ப்பில் 4 வந்து ஈரத் தேய்ப்பில் 2 வந்தால், சாயம் நாரோடு பிணையாமல் மேலேயே தங்கியிருக்கிறது என்று பொருள். ரியாக்டிவ் சாயத்தில் ஒரு பகுதி எப்போதும் நாரைப் பிடிக்காமல் தண்ணீரோடு வினைபுரிந்து செத்துப்போகும். அதை முழுக்கக் கழுவி எடுத்தால்தான் பிரச்சினை தீரும். முடிச்சுப் போட்ட துணியில் முடிச்சின் மடிப்புக்குள் அது ஒளிந்துகொள்ளும். அவிழ்த்தபின் கொதிநிலைக்கு அருகே சோப்பில் அலசாவிட்டால் போகாது. போர் தண்ணீரின் உப்பு வேறு சோப்பைக் கெடுக்கும். இங்கே ஆராய வேண்டியது புதிய சாயம் அல்லவே. எவ்வளவு தண்ணீரில், எத்தனை அலசலில், கடினநீரை அடக்க என்ன சேர்த்தால் ஈரத் தேய்ப்பு 4-க்கு வரும் என்பதுதான். பட்டறைக்காரர் அலுமினிய அண்டாவில் செய்யக்கூடிய முறையாகவும் அது இருக்க வேண்டும்.

சத்திரப்பட்டியில் இன்னொரு விதம். கட்டுத்துணிக்கான தரம் விதிகளிலேயே வகுக்கப்பட்டிருக்கிறது. உறிஞ்சும் பஞ்சை நீரில் போட்டால் 10 நொடிக்குள் மூழ்க வேண்டும். மூழ்காவிட்டால் பெரும்பாலும் பருத்தியின் மெழுகு சரியாகப் போகவில்லை, துணியானால் பாவுக்குப் போட்ட கஞ்சி மிச்சமிருக்கலாம். காஸ்டிக்கின் அளவு, கொதிக்கவிட்ட நேரம், அலசிய தண்ணீர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் பதில் வரும். பெரிய பத்திரிகையில் அச்சேறுகிற ஆராய்ச்சி இல்லை. ஆனால் ஐம்பது தறிக்காரர்கள் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்துக்கொள்வார்கள், அடுத்த பெரிய திட்டத்துக்குச் சாம்பிள் கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

காசும் கணக்கும்

மத்திய அரசின் தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கம் 2020-இல் 1,480 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கியது. அதன் கீழ் கிரேட் என்கிற திட்டத்தில் இளம் தொழில்முனைவோருக்கு 50 லட்சம் வரை தருவதாக அறிவிக்கப்பட்டது. மாணவர் திட்டங்களுக்குத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் சிறு தொகை தருகிறது. முதல் விண்ணப்பம் அங்கே போடுவது நல்ல பழக்கம்.

விண்ணப்பத்தில் ஆள் செலவைக் குறைத்துக் காட்டுவது பொதுவான தவறு. ஒரு ஆய்வாளருக்கு மூன்று வருடத்துக்கு உதவித்தொகை மட்டும் 13,92,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. இரண்டு பேர் என்றால் 28 லட்சத்தை நெருங்கும். அடுத்த தவறு இயந்திரம். விலைக்குப் பணம் கேட்பார்கள், பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும், அளவீட்டுச் சரிபார்ப்புக்கும், ஏசி மின்கட்டணத்துக்கும் கேட்கமாட்டார்கள். அரசுக் கொள்முதல் விதிப்படி டெண்டர் விட்டு இயந்திரம் வந்து நிற்பதற்குள் முதல் வருடம் போய்விடும். அதனால் முதல் வருட வேலையை ஏற்கெனவே கையில் இருக்கிற கருவியில் முடிகிற மாதிரி எழுத வேண்டும். பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவம், நேரத்துக்குப் போகாவிட்டால் அடுத்த தவணை வராது. தவணை நின்றால் ஆய்வாளர் சம்பளம் நிற்கும். மூன்று மாதம் சம்பளம் நின்றால் நல்ல ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். குழுத் தலைவர் கணக்குப் பிரிவுக்கு நடப்பதைக் கௌரவக் குறைவாக நினைத்தால் குழு கலையும்.

டெக்னீஷியன்கள் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். இருபது வருடமாக ஒரே கருவியில் உட்கார்ந்திருக்கிற அண்ணனுக்கு அந்தக் கருவி எப்போது பொய் சொல்லும் என்று தெரியும். கட்டுரையில் நன்றிப் பட்டியலோடு நிறுத்தாமல், முறையை அவர் உருவாக்கியிருந்தால் ஆசிரியர் பட்டியலிலேயே சேர்க்க வேண்டும்.

மில்லில் ஓட்டிப் பார்ப்பது

ஆய்வகத்தில் ஐம்பது கிராமில் வந்த முடிவு ஆலையில் வருமா என்பதற்கு ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. இதற்குச் சரக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். 40-ஆம் நம்பர் கோம்ப்ட் (குட்டை நாரைச் சீவி நீக்கிய) நூல், ஸ்பிண்டில் வேகம் நிமிடத்துக்கு 18,000, முறுக்குக் காரணி 4 என்று வைத்தால் அங்குலத்துக்கு 25.3 முறுக்கு. எட்டு மணி நேரத்தில், நிற்கிற நேரம் போக, ஒரு ஸ்பிண்டிலுக்கு ஏறக்குறைய 120 கிராம் நூல். 1,008 ஸ்பிண்டில் ஃபிரேம் ஒரு ஷிப்டுக்கு 121 கிலோ தின்னும். கார்டிங், கோம்பிங் கழிவெல்லாம் போகப் பஞ்சில் 72 சதவீதம் நூலாகிறது என்றால் 168 கிலோ பஞ்சு, அதாவது நம் ஊர்க் கணக்கில் ஒரு முழு பேல். இதைச் சொல்லாமல் பத்துக் கிலோவோடு போய் நின்றால் மாஸ்டர் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார்.

ஒரே ஃபிரேமில் ஒரு பக்கம் மில்லின் வழக்கமான ரோவிங் (நூலாகுமுன் இருக்கும் தடித்த இழை), மறுபக்கம் நம்முடையது என்று ஓட்ட வேண்டும். வேறு வேறு ஃபிரேமில் ஓட்டினால் வித்தியாசம் பஞ்சால் வந்ததா ஃபிரேமால் வந்ததா என்று சொல்ல முடியாது. அடுத்த டாஃபில் (நூல் நிரம்பிய பாபின்களை எடுத்துவிட்டுத் தொடங்கும் சுற்றில்) பக்கத்தை மாற்றி இன்னொரு முறை ஓட்ட வேண்டும். நூறு ஸ்பிண்டிலுக்கு மணிக்கு எத்தனை அறுவு என்பதை ஆளே நின்று எண்ணுவது உத்தமம். டிராவலர் (நூல் ஓடுகிற சிறு உலோக வளையம்) புதிதாக மாற்றிய அன்று எண்ணக் கூடாது, அது படிகிற வரை அறுவு கூடுதலாகவே இருக்கும். மில்லுக்கு வழக்கமான உற்பத்தியில் ஏற்படுகிற இழப்பை யார் ஏற்பது, வந்த நூல் யாருக்கு என்பதை ஒரு பக்கத் தாளில் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

எழுதுவதற்கு முன் காப்புரிமை

மில்லில் முடிவு நன்றாக வந்த வாரமே மாணவர் மாநாட்டில் பேசத் துடிப்பார். அதற்கு முன் காப்புரிமை விண்ணப்பம் போக வேண்டும். பேசியபின் போட்டால் புதுமை போய்விட்டது என்று தள்ளப்படும் ஆபத்து உண்டு. முழு விவரம் தயாராக இல்லையென்றால் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டு, 12 மாதத்துக்குள் முழுமையானதைக் கொடுக்கலாம். கிடைத்தால் விண்ணப்பித்த தேதியிலிருந்து 20 வருடம். மில் ஒப்பந்தத்தில் யார் பெயரில் என்பதும் இருக்க வேண்டும்.

சுங்குடி முடிச்சு, நாட்டுச் சாயமுறை போன்றவற்றை அப்படியே காப்புரிமையாக்க நினைத்தால் நடக்காது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(p) பிரிவு பாரம்பரிய அறிவை விலக்கியிருக்கிறது. அந்த முடிச்சுக்குள் தங்கிய சாயத்தை வெளியேற்ற ஒரு புதிய அலசல் முறையையோ அதற்கான கருவியையோ நீங்கள் உருவாக்கியிருந்தால் அதற்குக் கேட்கலாம். விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே பழைய முறை எது, அதிலிருந்து புதியது எங்கே விலகுகிறது என்பதை அளந்த எண்களோடு எழுதிவிட்டால், பரிசோதகரின் முதல் ஆட்சேபணைக்கு அங்கேயே பதில் இருக்கும்.